பாண்டிக் கடலுக்கு எந்த ஜாக்கெட்?

புதுச்சேரியிலும் கடலூரிலும் பாய்மரப் படகு ஓட்டுவதற்கு, 20,000 மில்லிமீட்டர் என்று அட்டை தொங்கும் ஜாக்கெட் தேவையில்லை. என் அண்ணன் மகள் அப்படி ஒன்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "அத்தை, ஆஃபர்ல இருக்கு, வாங்கிடவா?" என்று கேட்டிருந்தாள். மூன்றடுக்குத் துணி, நடுவில் சவ்வு, காது வரை ஏறும் காலர், காலருக்குள் ஃப்ளீஸ் என்ற கதகதப்பான துணி. விலை அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல். வேலைக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இப்போதுதான் பாய்மரம் பழகுகிறாள். வாங்காதே என்று உடனே பதில் போட்டுவிட்டேன். ஏன் வேண்டாம், வேறு என்ன வாங்கலாம் என்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 20,000. துணியை இழுத்துக் கட்டி, ஒரு பக்கத்திலிருந்து தண்ணீரின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். எவ்வளவு உயரத் தண்ணீரின் பாரத்துக்கு மறுபக்கம் துளிர்க்கிறது என்பதுதான் அந்த எண். 20,000 மி.மீ. என்றால் 20 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். நம் கரையோரத்தில் மழையும் அலைத் தெறிப்பும் மேல்சட்டையில் அவ்வளவு அழுத்தத்தைக் கொடுப்பதில்லை. ஈரப் பலகையில் உட்காரும் இடத்திலும் முட்டி ஊன்றும் இடத்திலும் அழுத்தம் கூடும், ஆனால் அது பேன்ட் சமாசாரம். மேல்சட்டைக்கு 10,000 தாராளம். என் அனுபவத்தில் துணி வழியாகத் தண்ணீர் வந்து நனைந்தவர்கள் குறைவு. தையல் வழியாகவும், கழுத்து வழியாகவும், கை வழியாகவும் வந்து நனைந்தவர்கள்தான் அதிகம். இவற்றுக்கு அட்டையில் எண் கிடையாது.

இந்த உடுப்புகள் பிறந்த ஊர் வேறு. நார்வேயில் 1877-ல் ஹெல்லி ஹான்சன் என்ற கப்பல் கேப்டன், முரட்டு லினன் துணியை ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்து மாலுமிகளுக்கு உடுப்பு செய்து விற்கத் தொடங்கினார். அந்தக் கடலில் நனைந்தால் கொஞ்ச நேரத்தில் கை விறைத்து, முடிச்சுகூடப் போட முடியாது. பிறகு 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லான் தண்டை வெடுக்கென்று இழுத்துப் பார்த்ததில் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருள் கிடைத்தது. கோர்டெக்ஸ் சவ்வு வந்தது அதிலிருந்துதான். நீர்த்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் வெளியேறக்கூடிய துளைகள். குளிர்க் கடலில் இது பெரிய வரம். நம்ம பாண்டியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா, கேரளத்துத் தில்னாவுடன் தாரிணி என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்னைச் சுற்றி, 2025 மே மாதம் திரும்பி வந்தாரே, அந்தத் தென்பெருங்கடல் பாதைக்கு நல்ல மூன்றடுக்கு உடுப்பும் உள்ளே கம்பளியும் கட்டாயம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அண்ணன் மகள் பாய்மரம் பழக வந்ததற்கும் அதுதான் காரணம். ஆனால் தெற்கே அந்தக் குளிருக்கு வேண்டியதை நம் பக்கத்துத் தேங்காய்த்திட்டிலிருந்து கிளம்பி நல்லவாடு வரை போய்வருவதற்குப் போட்டுக்கொண்டால் உடம்பு அவிந்துபோகும்.

வங்கக் கடலின் மேல்நீர் நம் பக்கம் மார்கழி, தையில்கூட 25 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வெயில் மாதங்களில் 29, 30. வெளியே காற்றிலேயே ஈரம் சொட்டுகிறது. சவ்வு மூச்சு விட வேண்டுமானால் ஜாக்கெட்டுக்கு உள்ளே ஈரமும் சூடும் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் வியர்வையின் ஆவியை வெளியே தள்ளுகிறது. இங்கே உள்ளேயும் வெளியேயும் ஏறக்குறைய ஒன்று. போதாக்குறைக்கு மேல்துணி ஊறிவிட்டால் இருக்கிற கொஞ்சநஞ்ச மூச்சும் நின்றுவிடும். ஆக, மூச்சு விடும் துணி என்று கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு இந்தக் கடலில் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. பத்து நிமிஷத்தில் உள்ளே வியர்வையில் குளித்திருப்பீர்கள்.

அப்படியானால் எதற்கு ஜாக்கெட்? நம் மீனவர்கள் ஒரு பழைய டீ-ஷர்ட்டோடு போகவில்லையா என்று கேட்கலாம். இதே கேள்வியைத் தாழங்குடாவில் ஃபைபர் போட் வைத்திருக்கும் ஒரு மாமாவிடம் நான் கேட்டிருக்கிறேன். அப்பாவின் கூட்டாளி, சின்ன வயதிலிருந்தே கடல்தான். "நனையிறது கெடக்கட்டும் பாப்பா. நனஞ்ச ஒடம்புல காத்து ஏறக் கூடாது" என்றார். அவர் போட்டின் முன்பக்கப் பெட்டிக்குள் எப்போதும் ஒரு தடித்த மழைக்கோட்டு சுருட்டி வைத்திருப்பார். மழைக்கு அல்ல, விடியற்காலை வாடைக்காற்றுக்கு. கடலுக்குப் போகும்போது போட மாட்டார். வலை இழுத்து முழுக்க நனைந்த பிறகு, திரும்பும்போது, ஈரச் சட்டைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொள்வார்.

இதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு ஏழெட்டு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். உங்கள் சட்டையில் ஊறியிருக்கும் தண்ணீரைக் காற்று உலர்த்தும்போது அந்த வெப்பத்தின் பெரும்பகுதியை உங்கள் உடம்பிலிருந்துதான் எடுக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். அதனால்தான் 28 டிகிரி கடலில் மணிக்கணக்காக மிதந்தாலும் தாங்கும் ஒருவர், படகில் ஏறி ஈரச் சட்டையோடு காற்றில் உட்கார்ந்ததும் பல் கிடுகிடுக்க ஆரம்பிக்கிறார். நம் கடலுக்கு வாங்கும் உடுப்பின் முதல் வேலை காற்றைத் தடுப்பது. தண்ணீரைத் தடுப்பது இரண்டாவது.

ஆடி, ஆவணி மாலைகளில் இதை நன்றாகப் பார்க்கலாம். மதியம் முழுக்கத் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று சீராக அடித்துக்கொண்டிருக்கும். நாலு மணிக்கு மேல் மேற்கே, வில்லியனூர் பக்கம், வானம் கறுக்கும். கொஞ்ச நேரத்தில் கடற்காற்று செத்துப்போகும். பாய் தொங்கி, கயிறுகள் தளர்ந்து, படகு சும்மா ஆடும். மண்வாசனை கடல் வரைக்கும் வரும். அடுத்து, கரையிலிருந்து ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் அறையும். மேகத்துக்குள்ளிருந்து கீழே கொட்டும் காற்று அது. அதற்குப் பின்னாலேயே மழை. ஒருமுறை அப்படி வந்தபோது படகில் நாங்கள் இரண்டு பேர். நான் மேகம் கறுக்கும்போதே ஸ்மாக் என்ற, காற்றையும் தண்ணீரையும் தடுக்கும் மேல்சட்டையை மாட்டியிருந்தேன். கூட வந்தவர் நல்ல திடகாத்திரமான ஆள், பருத்திச் சட்டை போட்டிருந்தார். பாயைச் சுருக்கிக் கட்டும் நேரத்தில் அவர் விரல்கள் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஈரக் கயிற்றின் முடிச்சைப் பிடித்தார், நழுவியது, மறுபடி பிடித்தார். பயம் ஒன்றும் கிடையாது அவருக்கு, உடம்புதான் நடுங்கியது. நமக்குக் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் நேரம் அது. அப்போது விரல் வேலை செய்ய வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

டூ-வீலர் மழைக்கோட்டு போதாதா என்று பலர் கேட்கிறார்கள். ஐந்நூறு, ஆயிரம் ரூபாயில் நேரு வீதியிலும் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் தொங்குவதுதானே. பைக்கில் உட்கார்ந்தால் கை இரண்டும் கைப்பிடியில் கீழ்நோக்கி இருக்கும், மழை முன்னாலிருந்து வரும். படகில் கை மேலே போகும். பாயை ஏற்றக் கயிற்றை இழுக்கும்போது கவனித்துப் பாருங்கள். ஈரக் கயிறு உள்ளங்கையில் பிழிபடும். அந்தத் தண்ணீர் மணிக்கட்டில் ஒரு நொடி திரளும். அகலமான கைவாய்க்குள் வழிந்து, முழங்கையில் ஒரு முறை தயங்கி, அக்குளில் போய் நிற்கும். இரண்டு முறை பாய் ஏற்றினால் உள்சட்டையின் பக்கவாட்டு முழுக்க ஈரம். அப்புறம் படகின் முன்முனையான அணியத்தில் மோதும் அலை மேலிருந்து விழுவதில்லை, கீழிருந்து எழும்பும். கடிலம் முகத்துவாரத்திலோ அரியாங்குப்பம் முகத்துவாரத்திலோ அலையை உடைத்துக்கொண்டு வெளியேறும்போது, திறந்த அடிவாய் வழியாகத் தண்ணீர் வயிறு வரை வந்துவிடும். பைக் கோட்டின் நீண்ட வால் சுக்கான் கட்டையில் சிக்கும். தண்ணீரில் விழுந்தால் காலைச் சுற்றும். அந்தக் கோட்டு வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சின்னப் படகுக்கு என் சிபாரிசு, தலை வழியாகப் போடும் ஸ்மாக். ஸ்ப்ரே டாப் என்றும் விற்பார்கள். உள்ளே துணி வைத்துத் தைக்காத, மெல்லிய, முன்பக்க ஜிப் இல்லாத ஒன்று. இடுப்பில் நியோப்ரீன் என்ற இழுபடும் நுரை ரப்பர் பட்டை, மணிக்கட்டில் நியோப்ரீனும் ஒட்டுப்பட்டையும். ஜிப் இல்லாவிட்டால் தண்ணீர் நுழைய ஒரு வழி குறைந்தது, உப்பில் கெடுகிற பொருளும் ஒன்று குறைந்தது. ஜிப் வைத்ததுதான் வேண்டுமென்றால் பெரிய பிளாஸ்டிக் பல் வைத்ததாகப் பாருங்கள். உலோக ஜிப் இங்கே ஒரு பருவம் முடிவதற்குள் பச்சை பூத்து இறுகிவிடும். டிகாத்லானின் ட்ரைபோர்ட் வகையில் இப்படிப்பட்ட பொருள்கள் சில ஆயிரங்களிலேயே வருகின்றன, பழகுகிறவர்களுக்கு அது போதும். கையில் எடுத்ததும் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எல்லாத் தையலின் மேலும் ஒரு விரல் அகலத்துக்கு டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் ஓட்டைதான். சிலவற்றில் தோளிலும் கழுத்திலும் மட்டும் டேப் ஒட்டிவிட்டுப் பக்கவாட்டை அப்படியே விட்டிருப்பார்கள், அப்படிப்பட்டதைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

கழுத்து விஷயத்தில் ஒன்று. குளிர்நாட்டு உலர் உடுப்புகளில் லேடெக்ஸ் ரப்பர் வளையம் கழுத்தைக் கவ்வியிருக்கும். நமக்கு அது வேண்டாம். நம் கடலின் சூட்டுக்குத் தேவையும் இல்லை, தாக்குப்பிடிப்பதும் இல்லை. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் நம் போன்றவர்கள் பின்னலோடு அந்த வளையத்துக்குள் தலையை நுழைத்து நுழைத்து எடுத்தால், அது நீண்டு, பிசுபிசுத்து, ஒருநாள் கையோடு கிழிந்து வரும். ஒட்டுப்பட்டை வைத்து இறுக்கிக்கொள்ளும் நியோப்ரீன் கழுத்தே நல்லது. தலைமூடியும் வேண்டாம். அது காதை மூடினால் பாயின் படபடப்பு கேட்காது, பக்கவாட்டில் வீசி வரும் பாயின் அடிக்கட்டை கண்ணில் படாது. கழுத்துப்பட்டியோடு கிளிப் போட்ட தொப்பி போதும்.

உள்ளே பருத்தி போடாதீர்கள். பருத்தி குடித்த தண்ணீரை விடாது, உப்போடு சேர்ந்து அக்குளையும் தொடையிடுக்கையும் அறுக்கும். நீச்சல்காரர்கள் போடும் முழுக்கை லைக்ரா சட்டை போதும், வெயிலுக்கும் அதுவே காப்பு. கீழே பாலியஸ்டர் லெகிங்ஸோ, முட்டியிலும் பின்புறத்திலும் கெட்டித் துணி வைத்த அரைக்கால் பேன்ட்டோ. மார்பு வரை ஏறும் பிப் பேன்ட் கார்த்திகை, மார்கழி தவிர வேண்டாம். பெண்கள் அதை வாங்குவதாக இருந்தால் பின்பக்கம் தனியாக ஜிப் வைத்துத் திறக்கும் வகையை மட்டும் வாங்குங்கள். காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகில், தோள்பட்டை வரை எல்லாவற்றையும் கழற்றினால்தான் ஒன்றுக்குப் போகலாம் என்றால், பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிறார்கள். அந்த வெயிலில் அது ஆபத்து. கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் வேலர் என்ற துடுப்புப் படகு வலித்த காலத்திலிருந்தே பார்க்கிறேன், இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பேச வேண்டும். கடைக்காரரிடமும் கேட்க வேண்டும்.

பழைய ஜாக்கெட் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆரோவில் பக்கம் ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள் நல்ல கம்பெனி ஜாக்கெட்டுகளை விற்றுவிட்டுப் போவதுண்டு. காந்தி வீதி ஞாயிறு சந்தையிலும் சில சமயம் கண்ணில் படும். வெளியே பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும். உள்பக்கத்தைத் தொடுங்கள். பெரும்பாலான மழையுடுப்புகளில் உள்ளே பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். காற்றில் இருக்கும் ஈரமும் சூடும் சேர்ந்து அந்தப் பூச்சை மெல்ல மெல்ல அறுத்துவிடும். போட்டு உழைக்க வேண்டும் என்பதுகூட இல்லை, நம் ஊரில் பீரோவில் மடித்து வைத்திருந்தாலே நடக்கும். உள்பக்கத்தின் இரண்டு இடங்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்துவிட்டுப் பிரியுங்கள். ஒட்டிக்கொண்டு 'சர்' என்று பிரிந்தால் கதை முடிந்தது. புளித்த வாடையும் வரும். இன்னும் முற்றியதாக இருந்தால் வெள்ளை வெள்ளையாக உதிரும், டேப் நுனிகள் எழும்பி நிற்கும். எவ்வளவு பெரிய பெயர் போட்டிருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இந்தச் சிதைவைத் தாங்குவது தடித்த பி.வி.சி. கோட்டுதான். மாமா வைத்திருப்பது அந்த வகை. கடலூர் முதுநகர்த் துறைமுகப் பக்கம் வலையும் கயிறும் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கனம், மடங்காது, உள்ளே புழுங்கும், ஆனால் மீன் செதிலும் தூண்டில் முள்ளும் அதை ஒன்றும் செய்யாது. பெரிய படகில் சுக்கான் பிடித்து ஒரே இடத்தில் உட்காருகிறவருக்கு அது நல்ல உடுப்பு. சின்னப் படகில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவுகிறவருக்கு இல்லை.

வாங்கியதும் நேராகக் கடலுக்கு எடுத்துப் போகாமல் மொட்டை மாடியில் போட்டுப் பாருங்கள். உள்ளே வெளிர்நிறச் சட்டை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஸ்மாக். ஒருவர் ஹோஸ் பைப்பைப் பிடித்து முதலில் தோளில், பிறகு கீழிருந்து மேலாக அடிக்கட்டும். நீங்கள் கயிறு இழுப்பதுபோல இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோய்க் கொண்டுபோய் இறக்குங்கள். குந்தி உட்காருங்கள், எட்டி எட்டிப் பிடியுங்கள். கழற்றிப் பார்த்தால் எங்கே ஈரம் என்று சட்டையே காட்டிக்கொடுக்கும். கையை உயர்த்தும்போது இடுப்புப்பட்டை மேலேறிவிட்டால் ஒரு அளவு பெரியது வேண்டும்.

நிறம் அழகுக்கு அல்ல. நீலம், வெள்ளை, சாம்பல் மூன்றும் கூடாது. தண்ணீரில் விழுந்தவரின் தலையும் தோளும்தான் வெளியே தெரியும், வெள்ளை அலை நுரையோடு போய்விடும், நீலம் கடலோடு போய்விடும். பளீரென்ற ஆரஞ்சோ, கண்ணைக் குத்தும் மஞ்சளோ தோளிலும் கையிலும் இருக்க வேண்டும். கடைகளில் பெண்கள் அளவில் வெளிர்நீலமும் ரோஸும் மட்டும் வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆண்களின் சின்ன அளவில் ஆரஞ்சு கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் சாதாரணக் கடலுக்கு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும் 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் நம் கரையில்தான் ஏறின. கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளுக்கு எந்த ஜாக்கெட்டும் கிடையாது.

ஒவ்வொரு முறையும் கரை வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கடலோரத் தெருக்களில் பல வீட்டு போர் தண்ணீரே உப்பு, அதில் அலசிப் பயனில்லை. முனிசிபல் தண்ணீர் ஒரு பக்கெட் எடுத்து வையுங்கள். உப்பு காய்ந்து துணியில் தங்கினால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஜாக்கெட் ஒருநாளும் முழுசாகக் காயாது. சாதாரண சோப்புத்தூள் தங்கினாலும், மணத்துக்கு ஊற்றும் கண்டிஷனர் பட்டாலும், தண்ணீர் உருண்டு ஓடும் மேல்பூச்சு போய்விடும். நிழலில் காயவைத்து, அட்டையில் இஸ்திரி போடலாம் என்று குறி இருந்தால், ஒரு மெல்லிய துணியை மேலே விரித்து மிதமான சூட்டில் தேய்த்தால் அந்தப் பூச்சு ஓரளவு திரும்ப எழும்பும். மடிக்காமல் ஹேங்கரில், காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள். ரெக்ஸின் கவருக்குள் போட்டு மூடினால் ஐப்பசிக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

கடைசியாக லைஃப் ஜாக்கெட். கையில் இருக்கும் பணத்தில் முதலில் வாங்க வேண்டியது அதுதான், ஸ்மாக் அதற்கு அப்புறம். அதில் போட்டிருக்கும் நியூட்டன் எண், எவ்வளவு விசையோடு மிதக்கவைக்கும் என்பதன் அளவு. 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்திலேயே உதவிப் படகு இருக்கும்போது. சுண்ணாம்பாற்றுக்குள் பழகும்போது அது சரி. முகத்துவாரம் தாண்டி வெளியே போவதென்றால் 100-க்குக் குறையாமல் பாருங்கள். தண்ணீர் பட்டால் தானாக ஊதிக்கொள்ளும் வகையில், கரையும் மாத்திரை வைத்தவை நம் ஊர் ஈரத்திலும் தெறிப்பிலும் வேண்டாத நேரத்தில் ஊதிக்கொள்வதுண்டு. சின்னப் படகுக்கு நுரை அடைத்ததே நல்லது. ஊதும் வகை வைத்திருப்பவர்கள் அதை எல்லாவற்றுக்கும் மேலேதான் போட வேண்டும். ஸ்மாக்குக்குள் அது ஊதினால் மூச்சை நெரித்துவிடும். ஸ்மாக் வாங்கப் போகும்போது லைஃப் ஜாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டு, கடைக்குள்ளேயே குனிந்து நிமிர்ந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்த பிறகு அளவு சொல்லுங்கள்.